சிறு மின்சாரமும் பெரும் பொறுப்பும்

தச்சர் செய்த நாற்காலியில் அமர்கிறோம். கொத்தனார் எழுப்பிய சுவரில் சாய்கிறோம். தையற்காரர் தைத்த சட்டையை அணிந்து நாலு பேர் முன் நிற்கிறோம். அவர்களுடைய உழைப்பின் பயன் நாள்தோறும் நம் கண் முன்னே இருக்கிறது. எங்கள் தொழிலின் இயல்போ இதற்கு நேர்மாறானது. வேலை முடிந்தவுடன் அது மறைக்கப்பட வேண்டும். சுவருக்குள்ளும், கூரைக்கு மேலும், தரைக்கு அடியிலும் நாங்கள் செய்தது எதுவும் வெளியே தெரியாமல் இருந்தால்தான் எங்களை நல்ல வேலைக்காரர்கள் என்பார்கள்.

ஆகையால் நாங்கள் என்ன தொழில் செய்கிறோம் என்பதை உற்றார் உறவினருக்கு விளங்கவைப்பதே பெரும்பாடாக இருக்கிறது. "கரண்டு வேலை" என்று சொன்னால், "அப்படியானால் எங்கள் வீட்டு மின்விசிறியைக் கொஞ்சம் பாருங்கள்" என்கிறார்கள். "காமிரா வேலை" என்று சொன்னால், திருமணத்திற்குப் படம் எடுப்பவர்கள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். எங்களில் ஒருவருடைய தாயார் தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "கரண்டுல கைய வச்சிராத ஐயா" என்று சொல்லாமல் பேச்சை முடிப்பதில்லை. அவருக்கும் அவரைப் போன்ற பல தாய்மார்களுக்கும் விடையாக அமையட்டும் என்று இதை எழுதுகிறோம்.

நாங்கள் ஐவர். இருவர் தென்காசிப் பக்கத்தினர். இருவர் நாகர்கோவிலைச் சேர்ந்தவர்கள். ஒருவர் கம்பத்திலிருந்து வந்தவர். மட்டாஞ்சேரியை அடுத்த சுள்ளிக்கலில் வாடகை வீடொன்றில் தங்கியிருக்கிறோம். எங்களுள் மூத்தவரை 'அண்ணாச்சி' என்று அழைப்போம். கிடங்குகள், வங்கிகள், விடுதிகள், கடைகள், அலுவலகங்கள் ஆகிய வணிகக் கட்டடங்களில் 'ஈ.எல்.வி. வேலை' செய்வதே எங்கள் பிழைப்பு.

சிறு மின்சாரம் என்பது யாது?

வீட்டு விளக்கையும் விசிறியையும் இயக்கும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. அது ஆளைக் கொல்லவல்லது. நாங்கள் கையாள்வதோ பெரும்பாலும் 50 வோல்ட்டுக்கு உட்பட்ட மிகத் தாழ்ந்த மின்னழுத்தம். பழைய தொலைபேசிக் கம்பியில் ஓடுவது 48 வோல்ட். தீ அறிவிப்புக் கருவிகளுக்கு 24 வோல்ட். கதவைப் பூட்டும் மின்காந்தத்திற்கும் சாதாரணக் காவல் காமிராவுக்கும் 12 வோல்ட் போதும். எனவே எங்கள் பிள்ளை மின்சாரத்தில் மாட்டிக்கொள்வானோ என்று தாய்மார்கள் அஞ்ச வேண்டுவதில்லை. ஏணியும், பழைய சுவரைத் துளைக்கும்போது உள்ளே மறைந்து கிடக்கும் பிறருடைய மின்கம்பியும், மூக்கில் ஏறும் தூசியுமே எங்களுக்குப் பகை.

ஒரு கட்டடத்தை உடலாகக் கொண்டால், தூண்களும் உத்திரங்களும் எலும்புகள். பெரிய மின்சாரம் குருதி. எங்கள் கம்பிகளோ நரம்புகள். நரம்பில் ஓடும் ஆற்றல் மிகவும் சிறிது. ஆயினும் கை சுடுகிறது என்று மூளைக்குச் சொல்வது நரம்புதானே? புகை எழுந்தால் அறிவிப்பதும், அயலான் நுழைந்தால் காட்டுவதும், ஆபத்து வேளையில் கதவைத் திறந்துவிடுவதும், ஓர் அறையிலிருப்பவர் உலகத்தின் மறுகோடியில் இருப்பவரோடு பேசுவதும் இந்தச் சிறு மின்சாரத்தால் நடப்பவை.

மட்டாஞ்சேரியும் கம்பியும்

இந்த ஊருக்குத் தமிழர் வருவது புதிதன்று. 1663ஆம் ஆண்டில் டச்சுக்காரர் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றினார்கள். அவர்கள் காலத்தில் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழியினர் இன்றும் கோட்டைக் கொச்சியில், வெளி என்னும் இடத்தில் இருக்கும் தோபிகானாவில் அத்தொழிலைச் செய்து வருகிறார்கள். 1976ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அந்தத் துறையில் கல் மேல் துணி அடிக்கும் ஓசை கேட்கும்போது, நமக்கு முன்னே வந்தவர்கள் எத்தகைய உழைப்பால் இங்கே வேரூன்றினார்கள் என்று நினைத்துக்கொள்வோம். அவர்கள் கல்லோடும் நீரோடும் உழைத்தார்கள். நாங்கள் கம்பியோடு உழைக்கிறோம்.

மிளகும் சுக்கும் ஏலமும் மஞ்சளும் மட்டாஞ்சேரியின் செல்வம். பஜார் ரோட்டின் கிடங்குகள் ஒருபுறம் சாலையையும் மறுபுறம் காயலையும் நோக்கி நிற்பவை. வள்ளத்தில் வந்த சரக்கு பின்வாசலில் இறங்கி முன்வாசல் வழியே வண்டியேறிய காலம் ஒன்று இருந்தது. சரக்குக்குப் படகு எப்படியோ அப்படியே விலைக்குத் தொலைபேசிக் கம்பி. யூதத் தெருவில் 1957ஆம் ஆண்டு முதல் இயங்கிய மிளகு வாணிபச் சங்கத்தில் வியாபாரிகள் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே விலையை உரக்கக் கூவி வாங்கவும் விற்கவும் செய்தார்கள். பிற்காலத்தில் கணினித் திரை வந்தது, கூச்சல் அடங்கிற்று. மிளகு மூட்டையை யாரும் அந்தக் கம்பி வழியே அனுப்பவில்லை. விலை மட்டுமே அதில் ஓடியது. அந்த விலையை நம்பி எத்தனை குடும்பங்கள் உண்டன, உடுத்தன!

இன்று கம்பி கடலுக்கடியிலும் செல்கிறது. தென்னாப்பிரிக்காவையும் மலேசியாவின் பினாங்கையும் இணைத்து 2002ஆம் ஆண்டில் நிறைவெய்திய 'சேஃப்' என்னும் கடலடிக் கேபிள் கொச்சியிலும் கரையேறுகிறது. பினாங்கில் உறவினரை உடைய அன்பர்கள் இதனை அறிந்து மகிழ்வார்கள். அத்தகைய பெருவழியும் கடைசியில் ஒரு கடையின் மேசையருகே வந்து சேரும்போது, அங்கே சுவரில் பதித்திருக்கும் சிறிய பெட்டியை இணைத்தவர் எங்களைப் போன்ற ஒருவராகத்தான் இருப்பார்.

எட்டு இழைகளின் ஒழுங்கு

எங்கள் வேலையின் பெரும்பகுதி கேபிள் இழுத்தல். சுவரில் பதிந்த குழாய்க்குள் முதலில் வளையும் இழுகம்பியைச் செலுத்துவோம். வேலையிடத்தில் அதற்கு 'ஸ்பிரிங்' என்று பெயர். அதன் நுனியில் கேபிளைக் கட்டி ஒருவர் இழுக்க, மற்றொருவர் மறுமுனையில் நின்று சிக்கலில்லாமல் ஊட்டுவார். இழுப்பவர் கைக்கும் ஊட்டுபவர் கைக்கும் இடையே ஒத்திசைவு வேண்டும். அவசரப்பட்டுச் சுண்டி இழுத்தால் உள்ளிருக்கும் இழைகள் நீண்டு கெட்டுவிடும். கெட்டது வெளியே தெரியாது. ஆறு மாதம் கழித்து, "கணினி அடிக்கடி நின்றுபோகிறது" என்று யாரோ ஒருவர் சலித்துக்கொள்வார். காரணம் அன்றைய ஒரு சுண்டல்.

கணினிக் கேபிளுக்குள் எட்டுச் செப்பு இழைகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். அந்த முறுக்கு அழகுக்காக அன்று. ஓர் இழையில் புகும் வெளித் தொல்லை மற்றதிலும் அதே அளவில் புகும்படி செய்து, இரண்டையும் ஒப்பிடும்போது தொல்லை கழிந்துபோகும்படி அமைந்த உபாயம் அது. ஆகவே நுனியில் இணைக்கும்போதும் 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கைப் பிரிக்கலாகாது. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்னும் வரிசையைப் புதிதாகச் சேரும் பையன்கள் வாய்ப்பாடு போல ஒப்பித்துப் பழகுவார்கள். எங்கள் அண்ணாச்சி அதனை உறக்கத்திலும் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

சுவருக்குள் பதிக்கும் கேபிள் 90 மீட்டருக்கு மிகலாகாது. இருமுனைகளிலும் சேர்க்கும் சிறு கேபிள்களோடு மொத்தம் 100 மீட்டர் என்பது வரம்பு. நீண்ட கிடங்குகளில் இந்த வரம்பு எங்களைப் பலமுறை சோதித்ததுண்டு. "இன்னும் பத்து மீட்டர்தானே, இழுத்துவிடுங்கள்" என்பார்கள். இழுத்துவிட்டால் அன்றைக்கு வேலை செய்யும். என்றைக்கும் செய்யும் என்று யார் உறுதி கூறுவது?

மட்டாஞ்சேரிக்கே உரிய தொல்லைகளும் உள. செங்கல்லைப் போல் வெட்டியெடுத்த செம்பாறைக் கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆன பழஞ்சுவர்களைக் கண்டபடி வெட்ட முடியாது, வெட்டவும் கூடாது. தேக்குப் பலகைக் கூரையில் ஒரு துளை போட்டால் அது நூறாண்டுப் பலகையில் போட்ட துளை. எனவே உத்திரத்தின் நிழல்படும் பக்கமாகப் பார்த்து, கண்ணுக்குறுத்தாமல் கேசிங் பட்டையை ஒட்டிச் செல்வோம். காயற்காற்றின் உப்பு பித்தளைத் திருகுகளைப் பச்சை படியச் செய்கிறது. சரக்கு வாசனைக்கு வரும் எலி கேபிளையும் சுவைபார்க்கிறது. சித்திரை வைகாசியிலும், மறுபடி ஐப்பசி கார்த்திகையிலும் மாலை வேளையில் இடியும் மின்னலும் வந்துவிட்டால், மொட்டைமாடிக் காமிராக்களுக்கு ஆபத்து. அதனால் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்திற்குச் செல்லும்போது செப்புக் கம்பியை விடுத்துக் கண்ணாடி இழையைப் பயன்படுத்துவதே நன்று. கண்ணாடி ஒளியைக் கடத்தும், மின்னலைக் கடத்தாது.

புகையும் மிளகுத் தூளும்

எங்கள் வேலைகளுள் மிகப் பொறுப்பானது தீ அறிவிப்பு அமைப்பு. கூரையில் கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல் ஒன்று ஒட்டியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதனுள் ஓர் இருட்டறை இருக்கிறது. ஒருபுறம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசும் சிறு விளக்கு. வேறொரு கோணத்தில் ஒளியை உணரும் கண். சாதாரணமாக அந்த ஒளி கண்ணில் படாது. புகை உள்ளே நுழைந்தால், புகைத்துகள்களில் பட்டு ஒளி சிதறி அந்தக் கண்ணை எட்டும். உடனே செய்தி கம்பி வழியே தலைமைப் பெட்டிக்குப் போகும்; சங்கு ஒலிக்கும். ஊரில் மின்சாரம் நின்றுபோனாலும் குறைந்தது 24 மணி நேரம் விழித்திருக்கும் வகையில் அப்பெட்டிக்குப் பாட்டரி வைப்பது முறை.

ஆனால் அந்த இருட்டறைக் கண்ணுக்குப் புகைக்கும் மிளகுத் தூளுக்கும் வேற்றுமை தெரியாது. சுக்கு புடைக்கும் இடத்திலும் மஞ்சள் அள்ளும் இடத்திலும் அது வீணே அலறும். சமையலறை ஆவிக்கும் அலறும். இரண்டு முறை அலறினால் மக்கள் எரிச்சலடைவார்கள். நான்காம் முறை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஐந்தாம் முறைக்கு முன் அதன் வாயை அடைத்துவிடுவார்கள். அதனாலேயே அத்தகைய இடங்களில் வெப்பத்தை மட்டும் உணரும் கருவியைப் பொருத்துகிறோம். ஏறக்குறைய 57 பாகைக்கு மேல் சூடு ஏறினால்தான் அது குரல் கொடுக்கும். இடத்துக்கேற்ற கருவியைத் தேர்ந்தெடுப்பதில் எங்கள் அறிவு பாதியளவு வெளிப்படும். மீதிப் பாதி கதவில் வெளிப்படும்.

கதவின் கதை வியப்பானது. மேலே ஒரு மின்காந்தம், கதவில் ஓர் இரும்புத் தகடு. 12 வோல்ட் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் வரை, ஏறக்குறைய 270 கிலோ இழுவிசைக்கும் அந்தக் கதவு அசையாது. மின்சாரம் நின்றால், குழந்தை தள்ளினாலும் திறந்துகொள்ளும். தீச்சங்கு ஒலிக்கும்போது இந்த மின்சாரம் தானாகவே அறுபடும்படி இரண்டு அமைப்புகளையும் ஒரு சிறு கம்பியால் இணைக்கிறோம். அந்தக் கம்பிதான் அன்பர்களே, எங்கள் தொழில் முழுவதிலும் விலைமதிப்பற்றது. கடையில் அதன் விலை சில ரூபாய்.

1997ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் தில்லியில் உபஹார் திரையரங்கில் நேர்ந்ததைப் பலரும் மறந்திருக்கலாம். தரைத்தளத்து மின்மாற்றியிலிருந்து எழுந்த தீ கார்களுக்குப் பரவிற்று. புகை மேலேறி மாடியிருக்கைப் பகுதியை நிறைத்தது. வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன. எச்சரிக்கை கூற வேண்டிய ஒலிபெருக்கி பேசவில்லை. வழிகாட்ட வேண்டிய அவசர விளக்கு எரியவில்லை. 59 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலரைக் கொன்றது தீயன்று, புகை. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியில் கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் மாண்டதையோ தமிழர் எவரும் மறக்க முடியாது. ஒன்று தலைநகரத்துத் திரையரங்கு; மற்றொன்று கோயில் நகரத்துப் பள்ளி. இரண்டிலும் மனிதர் தேடியது ஒன்றே: வெளியே செல்ல ஒரு வழி.

கையெழுத்தின் விலை

சில ஆண்டுகளுக்கு முன், பழைய கிடங்கொன்றைத் தங்கும் விடுதியாக மாற்றும் பணியில் எங்களுக்கு வேலை கிடைத்தது. விடுதியின் பெயரும் உரியவர் பெயரும் இங்கே வேண்டுவதில்லை. மூன்று தளங்கள், 42 புகையுணரிகள், ஆறு காந்தக் கதவுகள். நான்கு மாதம் உழைத்தோம். திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

புகையுணரிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது தூசி படாதிருக்கப் பிளாஸ்டிக் மூடியோடு வரும். மரவேலையின் தூசி அடங்கும் வரை நாங்கள் அவற்றைக் கழற்றுவதில்லை. இறுதிச் சோதனையின்போது எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றாகப் புகை காட்டி, சங்கு ஒலிப்பதையும் கதவு திறப்பதையும் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகே சான்றிதழில் கையெழுத்திடுவது வழக்கம்.

மேலாளர் இரண்டு கோரிக்கைகளை வைத்தார். சமையலறையை ஒட்டிய நடைவழியில் உள்ள மூடிகளை அப்படியே விட்டுவிட வேண்டும். விருந்தினர் உறங்கும்போது சங்கு ஒலித்தால் பெயர் கெட்டுவிடுமாம். பின்படிக்கட்டுக் கதவைத் தீயமைப்போடு இணைக்கும் கம்பியை அறுத்துவிட வேண்டும். அவ்வழியே யாரேனும் பணம் கொடாமல் போய்விடலாமாம். அறுத்த பின்னும், எல்லாம் சோதிக்கப்பட்டுச் சரியாக உள்ளன என்று கையெழுத்து வேண்டும்.

அண்ணாச்சி மறுத்துப் பேசியதோடு நில்லாமல் மாற்று வழிகளையும் சொன்னார். நடைவழியில் வெப்பமுணரும் கருவியைப் பொருத்தலாம். பின்கதவு திறந்தவுடன் வரவேற்பு மேசையில் மணி ஒலிக்கும்படி செய்யலாம். அதன் எதிரே ஒரு காமிரா வைக்கலாம். பணம் கொடாமல் போகிறவரையும் பிடிக்கலாம், உயிரையும் காக்கலாம். மூன்று நாள் வேலை. மேலாளர், "அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இன்று கையெழுத்தைப் போடுங்கள்" என்றார். எங்களுக்கு வேலை கொடுத்த ஒப்பந்தக்காரரும் தொலைபேசியில் அழைத்து, பெரிய இடத்தைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று அறிவுரை கூறினார்.

அன்றிரவு சுள்ளிக்கல் வீட்டில் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு மாதத்து ஊதியம் நிலுவையில் இருந்தது. எங்களில் ஒருவருடைய தங்கைக்குச் சித்திரையில் திருமணம். அந்தப் பணத்தை நம்பி ஊரில் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தார்கள். "நாம் போடாவிட்டால் வேறொருவன் போடுவான், கதவு எப்படியும் பூட்டித்தான் இருக்கப்போகிறது, நட்டம் நமக்கு மட்டுந்தானே?" என்று இளையவர் ஒருவர் கேட்டார். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. அண்ணாச்சி நெடுநேரம் கழித்து, "வேறொருவன் போட்டால் அது அவன் கை, தம்பி. நம்ம கை நம்மகிட்டதானே இருக்கு" என்று மட்டும் சொன்னார். திருமண வீட்டுத் தம்பி இரவு முழுவதும் ஒரு சொல்லும் பேசவில்லை. காலையில் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களோடு புறப்பட்டார்.

நாங்கள் கையெழுத்திடவில்லை. மறுநாளே வேறு ஆட்கள் வந்தார்கள். விழா குறித்த நாளில் நடந்தது. எங்கள் நிலுவையில் பாதி, ஐந்து மாதம் கழித்து வந்தது, மறுபாதி வரவேயில்லை. தங்கையின் திருமணம் வட்டிக்கு வாங்கிய பணத்தில் நடந்தேறியது. அந்தக் கடனை ஐவரும் சேர்ந்து அடைக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. இதனால் எங்களுக்குப் பெரும் புகழோ புதிய வேலைகளோ வந்து குவிந்தன என்று சொல்வதற்கில்லை. அந்த ஒப்பந்தக்காரர் இன்றுவரை எங்களை அழைக்கவில்லை. அவ்விடுதி நன்றாகவே நடக்கிறது. அதற்கு ஒரு தீங்கும் நேரலாகாது என்பதே எங்கள் விருப்பம். ஆயினும் இரவில் அவ்வழியே வரும்போது எங்களில் யாரேனும் ஒருவருடைய கண் அந்தப் பின்படிக்கட்டின் பக்கம் போகாமலிருப்பதில்லை.

இத்தொழிலுக்கு வரும் இளைஞருக்கு

இத்தொழிலைக் கற்க விரும்பும் நம்மவர் பிள்ளைகள் பலர். வளைகுடா நாடுகளிலும் இதற்குத் தேவை உண்டு. அவர்களுக்குச் சில வார்த்தைகள்.

வீட்டு மின்னிணைப்பு வேலைக்கு அரசின் கம்பியாளர் அனுமதிச் சீட்டு வேண்டும். எங்கள் வேலைக்கு அத்தகைய சீட்டைக் கேட்பவர் அரிது. ஏணி ஏறத் தெரிந்தவரெல்லாம் இதில் புகுந்துவிடலாம். கதவு அகலமாக இருக்கிறது என்று மகிழ வேண்டாம். கல்லாமல் நுழைந்தவர்கள் கேபிள் இழுப்பவராகவே வயோதிகம் அடைகிறார்கள். நாகர்கோவில் கோணத்தில் உள்ளது போன்ற அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவில் இரண்டாண்டு படித்துவிட்டு வந்தால், வரைபடத்தைப் படிக்கவும் பழுதின் காரணத்தைத் தேடவும் தெரிந்திருக்கும். இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் நான்காம் பகுதி முழுவதும் தீப்பாதுகாப்பைப் பற்றியது. அதனை ஒருமுறையேனும் படித்திருப்பவன் மேலாளர் முன் தலைநிமிர்ந்து பேசலாம். எங்கள் விருப்பம் அன்று, நாட்டின் விதி இது என்று சொல்ல முடியுமல்லவா?

இரண்டாவது, போலிக் கேபிளை இனங்காணக் கற்றுக்கொள்ளுங்கள். அலுமினிய இழைக்குச் செப்பு முலாம் பூசி, முழுச் செப்பு என்று விற்கிறார்கள். வெளியே பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். கத்தி முனையால் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். 305 மீட்டர்ப் பெட்டியைக் கையில் தூக்கினாலே எடை காட்டிக்கொடுக்கும். செப்பின் அடர்த்தி அலுமினியத்தைப் போல மும்மடங்குக்கு மேல். இக்காலத்தில் காமிராக்களுக்கு வேண்டிய மின்சாரமும் கணினிக் கேபிள் வழியாகவே செல்கிறது. போலி இழை அதிகம் சூடாகும், வளைத்தால் ஒடியும். மலிவுக்கு ஆசைப்பட்டு அதனை இழுத்துக் கொடுத்தவர் தீயணைக்கும் கருவியோடு தீயையும் சேர்த்து மாட்டிவிட்டு வருகிறார் என்றே சொல்லலாம்.

மூன்றாவது, ஒவ்வொரு கேபிளின் இருமுனையிலும் எண் எழுதி ஒட்டுங்கள். நாளை பழுது பார்க்க வருபவர் முகம் தெரியாத ஒரு தொழிலாளி. அவர் வங்காளியாகவோ மலையாளியாகவோ இருக்கலாம். பத்தாண்டு கழித்துக் கூரைப் பலகையைத் திறக்கும் அவருக்கு நாம் எழுதி வைக்கும் கடிதம் அந்தச் சிறு சீட்டு.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

நம் சங்கத்துக் குடும்பங்களுள் கடை வைத்திருப்பவர்கள் உண்டு. விடுதியில் வேலை செய்பவர்கள் உண்டு. பிள்ளைகளைப் பள்ளிக்கும் தனிப்பயிற்சிக்கும் அனுப்பாத குடும்பமே இல்லை. பொருள் வாங்கச் சென்ற இடத்தில் புடைவையின் நிறத்தை வெயிலில் பிடித்துப் பார்க்கிறோம். தேங்காயைத் தட்டிப் பார்க்கிறோம். குழந்தை மூன்று மணி நேரம் அமர்ந்து படிக்கும் மாடியறைக்கு இரண்டாவது படிக்கட்டு உண்டா என்று ஏன் பார்ப்பதில்லை? கூரையிலுள்ள புகையுணரியின் மேல் பிளாஸ்டிக் மூடி இன்னும் இருக்கிறதா என்று ஏன் நிமிர்ந்து பார்ப்பதில்லை? பார்க்க ஒரு நொடிதான் ஆகும். கண்டால் உரியவரிடம் இனிமையாகச் சொல்லுங்கள். தொழிலாளி ஐவர் சொன்னால் கேளாதவர்கள், வாடிக்கையாளர் ஒருவர் சொன்னால் கேட்பார்கள். இது நாங்கள் அனுபவத்தில் கண்டது.

கையெழுத்திட மறுக்கும் தொழிலாளிக்குப் பின்னால் குடும்பம் நிற்க வேண்டும். சம்பளம் ஏன் குறைந்தது, பணம் ஏன் தாமதமாயிற்று என்று ஊரிலிருந்து கேட்கும் குரல்தான் பல நேரங்களில் எங்கள் கையைப் பேனாவின் பக்கம் தள்ளுகிறது. அந்தத் திருமணத்தின்போது, செய்தி அறிந்த தம்பியின் தந்தையார், "பணம் போனாப் போகுது, சம்பாதிச்சுக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தை இல்லாதிருந்தால் பதினான்கு மாதமும் எங்களுக்குப் பதினான்கு ஆண்டாகக் கழிந்திருக்கும்.

சங்கத்தாருக்கும் ஒன்று சொல்லி முடிக்கிறோம். நம் விழாக்களுக்கு வாடகை மண்டபம் எடுக்கும்போது, மேடையின் அளவையும் சமையற்கூடத்தின் வசதியையும் கேட்பதோடு, பின்கதவின் சாவி எங்கே இருக்கிறது என்பதையும் கேளுங்கள். நிகழ்ச்சி தொடங்குமுன் ஒருவர் எழுந்து சென்று அந்தக் கதவைத் தள்ளித் திறந்து பார்த்துவிட்டு வரட்டும். பொங்கல் விழாவிற்கு அந்தப் பணியை ஏற்க நாங்கள் ஐவரும் ஆயத்தமாக இருக்கிறோம்.